சைகோன் டிக்கெட், வழி பினாங்கு

விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு விமானத்தில் ஏறிப் பழக்கம் இருக்க வேண்டியதில்லை. ஏறப் போகிறவர்களோடு சேர்ந்து தூக்கம் கெடப் பழகியிருந்தால் போதும். வீட்டார் எல்லோரையும் திருப்பதிக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்து, எந்த பஸ், எந்த ரயில், எந்தச் சத்திரம் என்று ஓடியாடி, கடைசியில் "உன்னை நம்பி வந்தோமே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தச் சகபாவிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், புரியாது.

அறுபதுகளின் ஆரம்பத்தில் விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இருந்த டிராவல் ஆபீஸில் வேலை பார்த்தேன். முதலாளி கோட்டக்குப்பம் இஸ்மாயில் பாய். அவர் ஊர்க்காரர்கள் மலேயாவுக்கும் சைகோனுக்கும் வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்கள். அவர்களுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஆரம்பித்தவர், காலம் மாறுகிறது என்று விமானத்துக்கும் கை நீட்டினார். ஆபீஸ் என்றால் பாய், நான், ஒரு டெலிபோன், சுவரை அடைத்துக்கொண்டு ஓர் உலகப் படம். விமானக் கம்பெனிகள் அனுப்பும் கால அட்டவணைகளை நான் தொடர்கதை படிக்கிற ஆவலோடு படிப்பேன். எந்த விமானம் எந்தக் கிழமை எந்த ஊரைத் தொட்டுப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் "சிங்கப்பூருக்கு ஒண்ணு" என்று பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாலு ஊரில் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு பயணம் வராதா என்று ஏங்கிக் கிடந்தேன். வந்தது. வந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டது.

கண்டக்டர் ஒப்புக்கொள்ளாத சங்கதி

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எண்ணெய் மில் வைத்திருந்த தாண்டவராயனும் அவர் மனைவி அலமேலு அம்மாளும் ஆபீஸுக்கு வந்தார்கள். மயிலம் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு பெண்கள். மூத்தவள் கமலா பினாங்கில் இருந்தாள்; கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. இளையவள் சரோஜா, பாண்டிச்சேரி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு சைகோனில் இருந்தாள். அவளுக்குத் தை மாதக் கடைசியில் தலைப்பிரசவம். டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். "அவ தாய் வூட்டுக்கு வர முடியல. அதனால தாய் வூடு அங்க போவுது" என்றார் அலமேலு அம்மாள். மில்லை விட்டு வர முடியாது என்று தாண்டவராயன் சொன்னார். விமானம் என்றாலே அவருக்குப் பயம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆக, அந்த அம்மாள் தனியாகத்தான் போக வேண்டும்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். உலகப் படத்தில் விரலை வைத்து விளக்கினேன். "அம்மா, விழுப்புரத்திலிருந்து மெட்ராஸுக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டு, திண்டிவனத்தில் இறங்கி நாலு நாள் இருந்துவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி ஏறினால் கண்டக்டர் விடுவாரா? கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். விமானத்தில் அப்படி இல்லை. சைகோனுக்கு ஒரே கட்டணம். வழியில் பினாங்கு இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது. இறங்கித் தங்கலாம், அடுத்த வாரம் ஏறலாம். திரும்பும்போது கொழும்பு வழியாக வரலாம். கதிர்காமம் கூடப் பார்க்கலாம்!"

தாண்டவராயனுக்கு இது பிடிக்கவில்லை. பிரசவத்துக்குப் போகிறவள் நேராகப் போய்ச் சேர வேண்டாமா, ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தால் எப்படி என்றார். அலமேலு அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பினாங்கின் மேல் இருந்த என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெய்யாவா, மெய்யாவா என்று என்னிடம் இரண்டு மூன்று முறை கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னார்: "முன்ன பொறந்தவ தலைக்கு மேல பறந்துக்கினு போயி, பின்ன பொறந்தவளுக்குப் பிரசவம் பாத்தா, பெரியவ மனசு இன்னா பாடு படும்னு ரோசன பண்ணீங்களா?"

பஞ்சாங்கமும் அட்டவணையும்

மறுநாளே தாண்டவராயன் ஒரு பஞ்சாங்கத்தோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். திங்களும் சனியும் கிழக்கே சூலம், வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம் என்று வரிசையாக ஒப்பித்தார். சூலம் இருக்கிற திசையில் அந்தக் கிழமை பயணம் தொடங்கக்கூடாது. நம் ஊரில் சந்தைக்குப் போவதற்கே பார்க்கிற விஷயம். கடல் தாண்டிப் போவதற்குப் பார்க்காமல் இருப்பார்களா? ஒரு பக்கம் அட்டவணை, மறு பக்கம் பஞ்சாங்கம். நானும் அவரும் காலையிலிருந்து மல்லுக்கட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வேலையில் எனக்கு அப்படி ஒரு குஷி அதுவரை வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மெட்ராஸில் ஏறினால் கிழக்குக்குச் சூலம் இல்லை. பினாங்கில் ஒரு வாரம் கமலா வீடு. அடுத்த வெள்ளிக்கிழமை அதே கம்பெனி விமானத்தில் ஏறினால் சிங்கப்பூரைத் தொட்டுவிட்டு சைகோன். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தி வந்தபோது நான் மேஜையைத் தட்டிக் கூவினேன்.

அப்போதுதான் ராகு காலம் வந்து நின்றது. பினாங்கிலிருந்து கிளம்புகிற நேரம் நல்ல நேரமா? பினாங்கில் மணி பத்தரை அடித்தால் நம் ஊரில் எட்டரை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம். எந்த ஊர்க் கடிகாரத்தை வைத்துக்கொள்வது? தாண்டவராயன் நம் ஊர்க் கடிகாரம்தான் என்றார். பஞ்சாங்கம் நம் ஊரில் அச்சானது. நான் பினாங்குக் கடிகாரம்தான் என்றேன், ஏறுவது பினாங்கில். குரல் உயர்ந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதுவரை தேநீர் குடித்துக்கொண்டிருந்த இஸ்மாயில் பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "மில்லுக்காரரே, அந்த ராகு தனியா ஒரு கடிகாரம் வெச்சிருப்பான். நம்ம ரெண்டு பேரையும் கேக்க மாட்டான். டிக்கெட்ட எழுதச் சொல்லுங்க."

நாற்பத்துநாலு ராத்தல்

பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து நாற்பத்துநாலு ராத்தலுக்கு, அதாவது இருபது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சரி பார்க்கத் திண்டிவனம் போனேன். மில்லில் மல்லாட்டை மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. அதன் மேல் பயணச் சாமான் ஏறியது. பிரசவ லேகியம், வசம்பு, கருப்பட்டி, குழந்தைக்கு மருந்து உரைக்க ஒரு கல், சலவைக்குப் போட்டுப் போட்டுப் பஞ்சாகிப்போன வேட்டித் துணிகள், கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை. இது சரோஜாவுக்கு. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு மூட்டை. அது கமலாவுக்கு. தராசு முள் எங்கோ போய் நின்றது.

பினாங்கு மூட்டையைக் குறைக்கலாமே, அங்கே பிரசவம் இல்லையே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அலமேலு அம்மாள் முகம் மாறிப்போயிற்று. சரோஜா மூட்டையைத் தானே பிரித்து, கேப்பை மாவையும் கருப்பட்டியையும் வெளியே எடுத்து வைத்தார். கமலா மூட்டையில் கை வைக்கவில்லை. அப்படியும் முள் கீழே இறங்கவில்லை. அந்த அம்மாள் ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தாமே தராசில் ஏறி நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, என் பக்கத்துல குந்தி வரப் போறவரு என்னைப் போல ரெண்டு ஆளு கனம் இருப்பாரு. அவரை வுட்டுட்டு என் மல்லாட்டையதான் புடிப்பீங்களா?"

டெலிபோனில் கேட்டவர்கள்

மெட்ராஸ்–பினாங்கு இடம் உடனே கிடைத்துவிட்டது. பினாங்கிலிருந்து சைகோனுக்குத்தான் இழுபறி. தை மாதம் சீனர்களின் புத்தாண்டு வருகிறது, அந்தப் பக்கத்து விமானங்கள் எல்லாம் நிரம்பி வழிகின்றன என்று மெட்ராஸ் கம்பெனி குமாஸ்தா சொன்னார். தினமும் ட்ரங்க் கால் போடுவேன். லைன் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் கத்த வேண்டும். நான் கத்துவது ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட, "இன்னா சார், சைகோன் அம்மாவுக்கு ஆச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து இடம் உறுதி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. உறுதி என்றாரா, உறுதி இல்லை என்றாரா? எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். அங்கே லைன் கொடுக்கிற பெண்ணின் குரலைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. அத்தனை நாளும் நாங்கள் பேசியதை அவள் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள் என்பதும் தெரியாது. மறுபடி மெட்ராஸ் வேண்டும் என்றேன். பதில் வந்தது: "வேணாம் சார், ஓகேன்னுதான் சொன்னாரு, நானே காதால கேட்டேன். பாவம் சார் அந்தப் பெரிய பொண்ணு, அவங்கம்மா எறங்கி ஒரு வாரம் இருக்கட்டும்."

வெள்ளி போய் சனி வந்தது

பொங்கல் கழிந்தவுடன் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு விமானம் ரிப்பேருக்குப் போய்விட்டது. அதனால் வாரம் ஒரு முறை போகிற விமானம் இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் போகும். வெள்ளிக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை. இந்த விமானத்தில் போய்ப் பினாங்கில் இறங்கினால், மறுபடி ஏற இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் சைகோனில் குழந்தை பிறந்துவிடும். வேறு கம்பெனி விமானம் எதிலும் இடமில்லை. இரண்டு மகள்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும். டெலிபோனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன்.

மில்லில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். "பேஜாரு வுட்டுது, நேரா போயிடு" என்றார் தாண்டவராயன். அலமேலு அம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. பினாங்கில் விமானம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று என்னைக் கேட்டார். எண்ணெய் போட ஒரு மணி நேரம் என்றேன். கமலா வந்து பார்க்கலாமா என்றார். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அட்டவணையை எடுத்துச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். உலகத்து விமானம் எல்லாம் எனக்கு மனப்பாடம், ஒன்றும் உதவவில்லை. திடீரென்று அந்த அம்மாள் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "தம்பி, நான் பினாங்குல எறங்கக் கூடாது. சரி. அவ அங்க ஏறக் கூடாதுன்னு யாருனா சொன்னாங்களா?"

கிழக்கே கடைசி வீடு

யாருமே சொல்லவில்லை! இத்தனை நாள் அந்தத் தாயைப் பினாங்கில் இறக்குவதிலேயே குறியாக இருந்த எனக்கு, மகளை ஏற்றலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அன்றைக்கே பினாங்கு மாப்பிள்ளைக்குத் தந்தி பறந்தது. அவர் அங்கிருந்தே கமலாவுக்கு அதே விமானத்தில் இடம் கேட்டார். காத்திருப்போர் வரிசையில் பேர் விழுந்தது. பினாங்கில் இறங்குகிறவர்கள் இடம் காலியாகும், ஆனால் அதற்கும் போட்டி இருக்கிறது, பறக்கிற அன்றைக்குத்தான் தெரியும் என்றார் மெட்ராஸ் குமாஸ்தா.

இதற்கு நடுவில் தாண்டவராயன் இன்னொரு குண்டைப் போட்டார். சனிக்கிழமை கிழக்கே சூலம். கொஞ்சம் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சூலம் பிடிக்காது என்பார்கள்; ஆனால் இரண்டு மகள்கள் விஷயத்தில் வெறும் தயிரை நம்ப அலமேலு அம்மாள் தயாராக இல்லை. பரஸ்தானம் வைக்கலாம் என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிளம்ப முடியாத நாளில் பயணம் வைத்தால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் சாமானைக் கொண்டுபோய், போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். சாமான் கிளம்பினால் ஆள் கிளம்பினதாகக் கணக்கு. கிழக்குத் திசையில் யார் வீடு? பக்கத்துத் தெரு வீடு போதும் என்றார் தாண்டவராயன். கடல் தாண்டிப் போகிறவளுக்குக் கடல் ஓரத்து வீடுதான் வேண்டும் என்றார் அந்த அம்மாள். எங்களுக்குத் தெரிந்து அந்தப் பக்கம் கடைசி வீடு ஒன்றுதான். கோட்டக்குப்பம் இஸ்மாயில் பாய் வீடு.

வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பெட்டியும் இரண்டு மூட்டையும் காரில் கோட்டக்குப்பம் போயின. நானும் கூடப் போனேன். பாயின் மனைவி வாசலைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார். நடு அறையில் புதுக் கோரைப்பாய் விரித்து அதன் மேல் சாமானை வைக்கச் சொன்னார். மூட்டையைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று வீட்டுப் பிள்ளைகளை மிரட்டினார். எங்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழ சர்பத் கொடுத்தார். அலமேலு அம்மாள் கொல்லைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கமலாவுக்கு இடம் கிடைக்குமோ என்னவோ என்று அவர் கவலைப்பட, பாயின் மனைவி அவர் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அக்கா, நீங்க வியாழக்கெழமையே கெளம்பிட்டீங்க. சனிக்கெழம ஏறப் போறது நடுவழியில மாறுற வண்டி, அவ்வளவுதான். பயப்படாம போங்க."

மீனம்பாக்கத்தில் ஒரு துண்டு

திண்டிவனத்தில் பாதி ஊர் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்திருந்தது. மில் லாரியிலேயே வந்து இறங்கினார்கள். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் தாண்டவராயன் இரண்டு அடி பின்வாங்கிவிட்டார். நானோ கம்பெனி கவுண்டருக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். கமலாவுக்கு இடம் இன்னும் உறுதியாகவில்லை. பினாங்கில் இறங்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுக் குமாஸ்தாவின் பிராணனை வாங்கினேன்.

வரிசையில் அலமேலு அம்மாளுக்கு முன்னால் ஒரு பெரியவர், நல்ல பருமன், கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் கூச்சமே படாமல் அவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். பினாங்கு என்றார் அவர். உடனே அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் இடம் போடச் சொன்னார். நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன். குமாஸ்தா சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். இதைத் தெரிந்துகொண்ட தாண்டவராயனுக்கு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக இடம் பிடித்த அனுபவம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்துவிட்டது. அந்த அம்மாள் தடுப்பைத் தாண்டிப் போகிற சமயம், தோளில் இருந்த துண்டை உருவி மனைவியிடம் வீசினார். ஆபீஸர்கள், போலீஸ்காரர் எல்லோரும் பார்க்கக் கத்தினார்: "அலமேலு! அந்த ஆளு எழுந்ததும் எடத்துல துண்டப் போட்டுடு! யாரு வந்து கேட்டாலும் எடுக்காத, எம் பொண்ணு வர்றான்னு சொல்லு!"

தந்தியில் ஒரு வார்த்தை

அதற்குப் பிறகு ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. டெலிபோன் அடித்தால் பாயும் நானும் ஒன்றாகப் பாய்வோம். எக்ஸ்சேஞ்ச் பெண் தானாகவே கூப்பிட்டு, "ஒண்ணும் வரலியா சார்?" என்பாள். சில நாள் கழித்துத் தாண்டவராயன் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்து ஒரு தந்தியை நீட்டினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. திண்டிவனத்தில் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லத் தைரியமும் இல்லை. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மடித்துப் பிடித்தபடியே வந்திருக்கிறார். பிரித்தேன். பெண் குழந்தை, சரோஜா நலம், அம்மாவும் அக்காவும் பக்கத்தில். 'ஸிஸ்டர்' என்ற சொல்லைப் பார்த்தேனோ இல்லையோ, நாற்காலி பின்னால் சாய நான் குதித்தேன். பாய் என்னைக் கட்டிக்கொண்டார். தாண்டவராயன் பெஞ்சில் உட்கார்ந்து தோளைத் தடவிப் பார்த்துத் துண்டு இல்லாமல் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அலமேலு அம்மாள் பங்குனியில் கொழும்பு வழியாகத் திரும்பினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் கதிர்காமத்துத் திருநீறோடு எங்கள் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார். பினாங்கில் கதவு திறந்ததும் முதல் ஆளாகக் கமலா ஓடி வந்தாளாம். வரவேண்டிய யாரோ வராமல் போனதில் இடம் கிடைத்ததாம். சைகோன் போய்ச் சேர்ந்து மறுநாள் குழந்தை. எங்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். பிள்ளை பெற்றவர்களைத்தான் தேடுவார்கள். அந்த அம்மாள் கிண்ணத்தைக் கமலா கையில் கொடுத்தாராம். பிள்ளை இல்லாத நான் வைக்கலாமா என்று கமலா பின்னால் நகர்ந்தாளாம். சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். படுக்கையில் கிடந்த சரோஜா எழுந்து உட்கார்ந்து சொன்னதை, அலமேலு அம்மாள் அழுகையும் சிரிப்புமாக அப்படியே எங்களிடம் சொன்னார்: "நீ வெக்காம வேற யாரு வெப்பாங்க? நீ வர்றியா வர்றியான்னு பாத்துக்கினு இவ ரெண்டு நாளா உள்ளயே குந்திக்கினு இருந்தா. ஜல்தி வெய்யிக்கா, கொழந்த அழுது."

விமானம் எந்த ஊரில் நிற்கும் என்பதைக் கம்பெனிக்காரன் முடிவு பண்ணுகிறான், எதற்காக நிற்க வேண்டும் என்பதைத் தாய்மார்கள் முடிவு பண்ணுகிறார்கள், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் டெலிபோனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறவனுக்குத்தான் டிராவல் ஏஜெண்ட் என்று பெயர்.